ஓர் ஆள், ஒரு படுக்கை

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் கப்பல் கிளம்பும் மாலையில் மேல்தளத்தில் நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். கிராதியோரம் நிற்கும் எல்லோர் காதிலும் செல்போன். இன்னும் சிறிது நேரத்தில் கரை மறையும், சிக்னல் போய்விடும். பிறகு இரண்டு நாளைக்கு மேல் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. அதற்குள் சொல்லி முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் வந்ததா, பால்காரரிடம் சொல்லியாயிற்றா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா?

கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் போனை ஏற்கெனவே அணைத்துக் கைப்பையில் போட்டுவிட்டார். வயது 44. சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 19 வருட சர்வீஸ். திருமணம் செய்துகொள்ளவில்லை. இத்தனை வருடத்தில் அவர் எடுக்கும் முதல் உல்லாசப் பயணம் இது. கரையில் அவரைத் தேடக்கூடியது அலுவலகம் ஒன்றுதான். அந்த அழைப்பைத்தான் அவர் தவிர்க்கிறார்.

அவருடைய அலுவலகம் பண்டிகை நாளிலும் இயங்கும் வகை. தீபாவளிக்கு யார் வருவது, பொங்கலுக்கு யார் வருவது என்று பட்டியல் போடும் நாளில் எல்லோர் பார்வையும் அவர் மேசைப் பக்கம் திரும்பும். “உங்களுக்கென்ன, தனி ஆள்தானே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தீபாவளிக்குப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியவர் ஒருவர், பிள்ளைக்கு முதல் தீபாவளி என்பவர் ஒருவர், மாமியார் கோபித்துக்கொள்வார் என்பவர் ஒருவர். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். அதுதான் சிக்கலும். மே மாதம் பள்ளி விடுமுறை, ஆகவே மே மாத விடுப்பு பிள்ளை குட்டிக்காரர்களுக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் திடீரென்று வரும் கோப்பு, வீட்டில் யாரும் காத்திருக்காதவருக்கு.

இந்த அநீதியில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. யாரும் அவரிடம் கடுமையாகப் பேசியதில்லை. சம்பளத்தில் குறைவில்லை, வீட்டு வாடகைப் படி எல்லோருக்கும் ஒரே கணக்குதான். குறைவது நேரம் மட்டும். ஒருவருடைய மாலைப் பொழுதுகளும் பண்டிகைகளும் அலுவலகத்தின் பொதுச் சொத்தாகிவிடுகின்றன. அமெரிக்க சமூக உளவியலாளர் பெல்லா டிபாலோ இந்த மனோபாவத்துக்கு ‘சிங்கிளிசம்’ என்று பெயர் வைத்து, 2006-ல் ஒரு புத்தகமே எழுதினார். நம் ஊரில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. மணமானவரா இல்லையா என்பது அந்த வரிசையில் இல்லை. இத்தனைக்கும் இவர்கள் சிறு கூட்டம் அல்ல. மணமாகாதவர், விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் என்று 2001-ல் 5.12 கோடியாக இருந்த தனித்து வாழும் பெண்களின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7.14 கோடியாகியிருந்தது.

குழந்தை வளர்ப்புக்கு மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 730 நாள் விடுப்பு உண்டு. மனைவியில்லாமல் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் 2018-ல் அது நீட்டிக்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் விடுப்பில் போனவரின் மேசைக் கோப்புகள் எந்த மேசைக்குப் போகும் என்பதைச் சொல்லும் விதி எதுவும் இல்லை. வயதான தாயாரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாக ஒரு விடுப்பும் இல்லை. தூத்துக்குடியில் இருந்த தன் அம்மாவைக் கடைசி எட்டு மாதம் அவர் பார்த்துக்கொண்டது ஈட்டிய விடுப்பைச் சில்லறை சில்லறையாக மாற்றித்தான்.

விடுப்புப் பயணச் சலுகை, அதாவது எல்.டி.சி., விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1988-ம் வருட விதிகளின்படி நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் குடும்பத்துடன் போய் வரலாம். பெற்றோரைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் தனியாக வேலை பார்ப்பவர், அந்தச் சலுகைகளையெல்லாம் விட்டுக்கொடுத்தால், அதற்குப் பதிலாகத் தான் மட்டும் வருடா வருடம் சொந்த ஊருக்குப் போய் வரலாம். அவர் இரண்டாவதைத்தான் எடுத்திருந்தார். சக ஊழியர்கள் காஷ்மீர், கவுஹாத்தி, போர்ட் பிளேர் என்று நான்கு டிக்கெட்டில் பறந்தபோது அவர் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி போனார். அம்மா இறந்த பிறகு சொந்த ஊர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் போய்விட்டது. இப்போது முதல் தடவையாக ‘இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்.

அந்தமானுக்கு எல்.டி.சி.யில் விமானத்திலேயே போக அரசு தனிச் சலுகை கொடுத்துப் பல தடவை நீட்டித்திருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ஆனால் அவர் ஆசைப்பட்டது கடலுக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், நடுவில் தான் ஒருத்தி, கேட்க ஆளில்லை.

அதற்காக முதலில் அவர் விசாரித்தது சொகுசுக் கப்பலை. 1990-ல் கட்டப்பட்டு அமெரிக்கப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ‘எம்ப்ரஸ்’ 2021-ல் கார்டிலியா என்ற பெயரில் மும்பையிலிருந்தும், அடுத்த வருடம் சென்னையிலிருந்தும் ஓடத் தொடங்கியதிலிருந்து, கப்பல் விடுமுறை என்பது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சிலும் அடிபடத் தொடங்கியது. உலகம் முழுக்க இத்தகைய கப்பல்களில் விளம்பரத்தில் வருவது ‘ஒரு நபருக்கு’ இவ்வளவு என்ற கட்டணம். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வாக்கியம் இருக்கும்: அறையில் இருவர் தங்கினால். ஒருவர் மட்டும் போனால் இரண்டாவது படுக்கைக்கும் அவரே கட்ட வேண்டும், முழுதாகவோ முக்கால் பங்கோ. துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர் அன்பளிப்பு ஆகியவை பெரும்பாலும் அதற்கு மேல். டிராவல்ஸ் அலுவலகத்துப் பையன் கால்குலேட்டரைத் தட்டி அவர் பக்கம் திருப்பிக் காட்டியபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் அவர் அரை ஆள். பண்டிகையும் மாலையும் தேவைப்படாதவர். கப்பல் கம்பெனியின் கணக்கிலோ அவர் இரண்டு ஆள்.

கம்பெனிகளின் வாதம் எளிது. அவர்கள் விற்பது அறையை. இருவர் இருந்தால் இருவரும் குடிப்பார்கள், கடையில் வாங்குவார்கள், சூதாட்ட மேசைக்குப் போவார்கள். ஒருவர் இருந்தால் அதில் பாதி நஷ்டம். தனி ஆட்களின் கூட்டம் பெருகியதைப் பார்த்துச் சில கம்பெனிகள் மாறியதும் உண்டு. ‘நார்வீஜியன் எபிக்’ என்ற கப்பல் 2010-ல் ஒருவருக்கென்றே 128 சிறு அறைகளுடன் வந்தது. அறை நூறு சதுர அடிதான். ஆனால் இன்னொரு படுக்கைக்குத் தண்டம் கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு வேறு கம்பெனிகளும் பத்துப் பதினைந்து ஒற்றை அறைகளைச் சேர்த்துக்கொண்டன. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மற்றபடி சொகுசுக் கப்பலில் கட்டணம் குறைய வழிகள் உண்டு. ஜன்னலில்லாத உள் அறையைக் கேட்பது. சனி ஞாயிறை விட்டு வார நடுவில் கிளம்பும் பயணத்தைப் பிடிப்பது. அறைகள் காலியாகப் போகும் நிலையில் கடைசி வாரத்தில் சில கம்பெனிகள் இரண்டாவது படுக்கைக் கட்டணத்தைக் குறைக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். பள்ளி விடுமுறை மாதங்களைத் தவிர்ப்பது எல்லாவற்றிலும் பெரிய லாபம். மேயையும் தீபாவளியையும் அலுவலகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதால் மிச்சமிருப்பவை யாருக்கும் வேண்டாத பிப்ரவரியும் ஜூலையும்தான். கடலில் மலிவான மாதங்கள் பெரும்பாலும் அவைதான். அலுவலகம் தெரியாமல் செய்த உபகாரம்.

ஆனாலும் கடைசியில் அவர் கண்ணில் பட்டது ராஜாஜி சாலை வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும்போது தெரிந்த கப்பல். அரசுக் கப்பலில் விற்பது அறை அல்ல, படுக்கை. ஓர் ஆளுக்கு ஒரு படுக்கை, ஒரு கட்டணம். துணைக்கு யாருமில்லை என்பதற்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது.

அந்தமான் நிர்வாகத்துக்காக ஓடும் இந்தக் கப்பல்கள் உல்லாசத்துக்காக வந்தவை அல்ல. விமானம் ஏற வசதியில்லாத தீவுவாசிகளுக்குத் தாய் நிலத்தோடு இருக்கும் தொடர்பு இவைதான். ‘நான்கௌரி’, ‘நிக்கோபார்’, விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டு 1999-ல் வந்த ‘ஸ்வராஜ் த்வீப்’ என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் ஏறிய பெயர்கள். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் மாதத்துக்குச் சில நடைகள். விசாகப்பட்டினத்திலிருந்து அதைவிடக் குறைவு. சென்னையிலிருந்து சுமார் 1,200 கி.மீ., ஏறக்குறைய 60 மணி நேரம். காற்றும் மழையும் கணக்கை மாற்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வங்கக் கடல் சாது.

வகுப்புகள் நான்கு: டீலக்ஸ், ஏ கேபின், பி கேபின், பங்க். டீலக்ஸில் இரண்டு படுக்கை, மற்ற கேபின்களில் நான்கோ ஆறோ. பங்க் என்பது கப்பலின் அடிவயிற்றில் அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட கூடம். கட்டணம் மிகக் குறைவு. தீவுவாசிகளுக்கு இன்னும் குறைவு. எஞ்சின் ஓசையும் டீசல் வாடையும் அடுத்த ஆளின் வாந்தியும் இலவசம். அரசு ஊழியருக்கு இதிலும் படிநிலை உண்டு. சம்பள நிலை 9-ம் அதற்கு மேலும் டீலக்ஸ். 6 முதல் 8 வரை ஏ. 4-ம் 5-ம் பி. அதற்குக் கீழே பங்க். அவர் பி.

மேற்குக் கடலிலும் இதே போன்ற ஒரு வழி இருக்கிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பல்களில் தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு ‘சமுத்ரம்’ என்ற பெயரில் ஐந்து நாள் பயணம் நடத்தி வந்திருக்கிறது. பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். இரவில் கப்பலிலேயே தூக்கம். ஆனால் நுழைவு அனுமதி வேண்டும், இடம் கிடைப்பதும் எளிதல்ல. மும்பை–கோவா இடையே 2018-ல் ஓட ஆரம்பித்த ‘ஆங்க்ரியா’வில் சாதாரணப் படுக்கைகளைத் தனித்தனியாக விற்றார்கள். தனி ஆட்களுக்குத் தோதான கப்பல். அது இப்போது ஓடவில்லை.

பி கேபினில் அவருக்குக் கிடைத்தது கீழ்ப் படுக்கை. எதிரே ஒரு பாட்டி, தீவுக்காரர். 1964-ம் வருட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார்கள். பாட்டிக்குக் கிடைத்திருந்தது மேல் படுக்கை.

“தனியாவா வந்திருக்கே?”

“ஆமா பாட்டி.”

“அப்ப ஒண்ணு பண்ணு, நீ மேலே ஏறிக்க. எனக்கு முட்டி ஒத்துக்காது.”

அவர் ஏறிக்கொண்டார். முட்டிவலி நியாயமானது; தனி ஆள் என்பதற்காகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அரை மணி கழித்து ஒரு குடும்பத் தலைவர் வந்தார். குடும்பத்தில் நான்கு பேர். இருவருக்கு இந்தக் கேபினிலும் இருவருக்குத் தாழ்வாரத்தின் கோடியில் வேறு கேபினிலும் படுக்கை. “மேடம், நாங்க ஃபேமிலியா வந்திருக்கோம். நீங்க தனி ஆள்தானே, அந்தக் கேபினுக்கு மாத்திக்குங்களேன்.” பத்தொன்பது வருடமாகக் கேட்ட அதே வாக்கியம், கரையிலிருந்து பத்துக் கடல் மைல் தள்ளி. அந்தக் கேபினில் மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இல்லை சார், என் டிக்கெட்டில் இந்த நம்பர்தான் இருக்கிறது என்றார் அவர். இதைச் சொல்ல இவ்வளவு எளிது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். பாட்டி முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார். தனியாகப் போகும் பெண்கள் டிக்கெட் எடுக்கும்போதே பெண்களோ குடும்பங்களோ இருக்கும் கேபினாகக் கேட்டு வாங்குவது நல்லது.

முதல் இரவு பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். கப்பல் பக்கவாட்டில் மெல்ல ஆடும் ஆட்டம் வயிற்றுக்குப் பழக ஒரு நாள் ஆகும். வெறும் வயிறு கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது மாத்திரையைவிட உத்தமம் என்பது பழைய பயணிகளின் வைத்தியம். கேன்டீனில் சோறு, பருப்பு, ஒரு கறி. ருசியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் தீவுக்காரர்கள் புளியோதரையும் ஊறுகாயும் சொந்தப் போர்வையும் இல்லாமல் ஏறுவதில்லை.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் சாரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை இல்லை. தண்ணீரின் நிறம் சென்னைப் பக்கத்துப் பழுப்புப் பச்சையிலிருந்து கறுத்த நீலத்துக்கு மாறியிருக்கிறது. பறக்கும் மீன்கள் விட்டெறிந்த ஓட்டுச் சில்லு போலத் தண்ணீர்மேல் தத்திச் செல்கின்றன. மேல்தளத்தில் சீட்டுக் கச்சேரி; படிக்கட்டில் உட்கார்ந்து வங்காளத்தில் சண்டை போடும் தம்பதி; நிழலைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்கும் குழந்தைகள். சொகுசுக் கப்பலில் பாட்டு, நடனம், நீச்சல் குளம் என்று நேரத்தை நிரப்ப ஏற்பாடு உண்டு. இங்கே எதுவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு முழு நாளில் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தது அன்றுதான். மதியம் மூன்று மணிக்கு அவர் தளத்திலேயே தூங்கிப்போனார்.

மாலையில் கிராதியோரம் பங்க் வகுப்பிலிருந்து காற்று வாங்க வந்த ஓர் இளைஞன். இருபத்தேழு வயது. கையில் மாறுதல் உத்தரவு, தீவுப் பணி. அலுவலகத்தில் மூன்று பேரில் ஒருவர் போக வேண்டியிருந்ததாம். மற்ற இருவருக்கும் மனைவி சென்னையிலேயே வேலை. கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் கூடியவரை ஒரே ஊரில் நியமிக்க வேண்டும் என்று 2009-ல் மத்திய அரசு விரிவான உத்தரவு போட்டது. பிரிந்து வாழ்ந்து பட்ட கஷ்டங்களிலிருந்து பிறந்த உத்தரவு, குறை சொல்ல முடியாதது. ஆனால் யாராவது தீவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். உத்தரவு எழுதப்படாத இன்னொரு பக்கத்தில் மணமாகாதவரின் பெயர் தானாக விழுகிறது. இவனுக்குத் திருச்சியில் அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிஸிஸ். அப்பாவுக்கு டயாலிஸிஸ் என்பது உத்தரவின் எந்தக் கட்டத்திலும் பொருந்தாத சமாச்சாரம். அவரும் தன் அம்மாவைப் பற்றி அப்போதுதான் சொன்னார். இருட்டிய பிறகும் இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். மேலதிகாரிக்கு என்ன எழுதலாம், மருத்துவமனைச் சான்றுகளில் எதை இணைக்கலாம், ஆறு மாதம் கழித்து எப்படி நினைவூட்டலாம் என்று பத்தொன்பது வருட அனுபவத்தை அவர் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்காக அவர் அப்படி ஒரு மனுகூட எழுதியதில்லை.

மூன்றாம் நாள் காலை தீவுகள். முதலில் மேகம் போல ஒரு கோடு, பிறகு பச்சை, பிறகு தனித்தனி மரம். கப்பல் ஹேடோ துறையில் அணைகிறது. ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டுவிட்டது; பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அதனால் ஆட்டோ பேரத்திலிருந்து டீக்கடை வரை மொழிக்குப் பஞ்சமில்லை. நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்பதால் குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும்.

கப்பலில் கிடைத்த நியாயம் ஓட்டல்களில் இல்லை. அங்கே மறுபடியும் அறைக் கணக்குதான். இருவருக்கும் ஒருவருக்கும் வாடகை ஏறக்குறைய ஒன்றே. ஓர் ஆளுக்கு ஓர் அறை என்று கணக்குப் போட்டு இந்த ஊரில் கட்டப்பட்ட கட்டடம் 1906-ல் முடிந்த செல்லுலார் சிறை. கிட்டத்தட்ட எழுநூறு அறைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி. ஏழு சிறகுகளில் மூன்று மிச்சம். மாலை வெளிச்சத்தில் அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தனிமையை ஒருவர் தேர்ந்தெடுப்பதற்கும் இன்னொருவர்மேல் சுமத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே சொல்லாமலே தெரிகிறது.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே அவர் போனைப் போட்டிருந்தார். வரிசையாகப் பதினொரு செய்திகள். ஒன்று, அடுத்த சனிக்கிழமைக்குள் திரும்ப முடியுமா என்று. ஒருவருடைய பிள்ளைக்குப் பரீட்சையாம். திரும்பும் கப்பல் திங்களன்று, காற்று சரியாக இருந்தால், என்று பதில் அனுப்பிவிட்டு மறுபடி அணைத்தார்.

மறுநாள் காலை ஃபீனிக்ஸ் பே படகுத்துறை. 2018-ல் ஸ்வராஜ் தீவாகப் பெயர் மாறிய ஹேவ்லாக்குக்கு அரசுப் படகு, இரண்டு இரண்டரை மணி நேரம், தனியார் படகைவிட மிக மலிவு. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஒண்ணு.”

ஒரு டிக்கெட்டுக்கான காசை வாங்கிக்கொண்டு, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.